பின் சீட்டுக்கு அடியில் இன்னொரு பெட்டி

1. அளவெடுத்துக் கொடுத்த பேட்டரி

வண்டிப்பெரியாரில் நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம், மலைமேல் இருந்த தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து கம்பவுண்டர் ஒருவர் செத்துப்போன கார் பேட்டரியோடு வந்து இறங்கினார். அதைச் சாக்கில் சுற்றி, கூடையில் வைத்து, தேயிலை லாரியில் கொண்டுவந்திருந்தார். கூடவே டாக்டரம்மா எழுதிய ஒரு சீட்டு: "இதே மாதிரி புதிது ஒன்று தேவை."

அப்போது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். எனக்குச் சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கோபாலபுரத்துக்குப் பக்கம். வீட்டில் விவசாயம். எனக்கு மண்வெட்டி ஒத்துவரவில்லை. பொள்ளாச்சியில் ஒரு பேட்டரிக் கடையில் சேர்ந்து ஆறு வருடம் ஈயம் உருக்கவும் பிளேட் மாற்றவும் சார்ஜ் போடவும் கற்றுக்கொண்டேன். எங்கள் பக்கத்துக்காரர் ஒருவர் வண்டிப்பெரியாரில் லாரிகள் ஓட்டிக்கொண்டிருந்தார். அவற்றைப் பழுதுபார்க்க ஒரு தகரக் கொட்டகையும் போட்டிருந்தார். "மலையில பேட்டரி வேல தெரிஞ்ச ஆளு ஒருத்தனும் இல்லடா, நீ வந்துரு" என்று அவர் கூப்பிட்டார். போய்விட்டேன். அவர்தான் என் முதலாளி.

கம்பவுண்டர் கொண்டுவந்த பெட்டியை மேஜைமேல் வைத்துப் பார்த்தேன். மூன்று செல். இளைஞர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு செல்லுக்கு இரண்டு வோல்ட் கணக்கு. மூன்று செல் என்றால் ஆறு வோல்ட், ஆறு செல் என்றால் பன்னிரண்டு வோல்ட். ஆசிட்டின் கனம் காட்டும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தேன். ஆசிட்டில் வலுவே இல்லை. மூடியைச் சுற்றி அடைத்திருந்த தார்க் கீல் இளகி வழிந்திருந்தது. உள்ளே பிளேட்டுகள் வெயிலில் காய்ந்த வாழைமட்டை போல வளைந்து கிடந்தன. ஆசிட் கொதித்துக் கொதித்துச் செத்த பேட்டரி என்று பார்த்தவுடனே தெரிந்தது.

அது ஏன் கொதித்தது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

"இது பேட்டரி தின்னுத வண்டி, மேஸ்திரி. வருசத்துக்கு ஒண்ணு கேக்கும்" என்று கம்பவுண்டர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு நீளம், அகலம், உயரம் அளந்தேன். டெர்மினல் எந்தப் பக்கம் என்று பார்த்தேன். அச்சு அசலாக அதே அளவில் புதிய ஆறு வோல்ட் பெட்டி ஒன்றை எடுத்து, ஆசிட் ஊற்றி, இரண்டு நாள் சார்ஜ் போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

"வெரல்கடை கூடப் பெசகாமக் குடுத்துட்டியே" என்று முதலாளி முதுகில் தட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

2. இரண்டு எண்கள்

நாலு மாதம் கழித்து, மழை தொடங்கியபோது, அதே கம்பவுண்டர் வந்தார். இந்தமுறை அவர் சிரிக்கவில்லை.

"மேஸ்திரி, உம்ம பேட்டரியும் போச்சு. டாக்டரம்மா கையும் போச்சு."

என்ன நடந்தது என்று கேட்டேன். அந்த வண்டியில் ஸ்டார்ட்டர் ஒரு நாளும் வேலை செய்ததில்லையாம். புதுப் பேட்டரி போட்டால் ஒரு முனகல் வரும், அவ்வளவுதான். ஆனாலும் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பழைய வண்டி என்பதால் எஞ்சினுக்குப் பொறி கொடுக்க மேக்னெட்டோ இருந்தது. மேக்னெட்டோவுக்குப் பேட்டரி வேண்டாம். முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றினால் வண்டி கிளம்பிவிடும். டாக்டரம்மாவே தினமும் காலையில் இறங்கி ஹேண்டில் போடுவார். முந்தின வாரம் ஒரு காலையில் எஞ்சின் எதிர்த்து உதைத்து, ஹேண்டில் திரும்பி அடித்ததில் அவருடைய வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.



"இன்னொரு பெட்டி குடுத்து அனுப்புடா" என்றார் முதலாளி.

"இல்லீங்க. நானே போயி வண்டியப் பாத்துட்டு வர்றேனுங்க."

ஆஸ்பத்திரி, தேயிலைச் சரிவுக்கு நடுவே ஒரு ஓட்டுக் கட்டடம். டாக்டரம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், சென்னையில் படித்தவர். அந்த மலையில் ஒரு பெண் கார் ஓட்டிப் போவதை முதன்முதலாகப் பார்த்தவர்கள் வேலையை விட்டுவிட்டு நின்றிருப்பார்கள். நான் போன நேரம், வலது கையில் மூங்கில் சிம்பு கட்டித் தூளியில் தொங்கவிட்டபடி, இடது கையால் ஒரு குழந்தையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மேஸ்திரி. பேட்டரி எங்க?"

"கொண்டாரலீங்க. மொதல்ல வண்டியப் பாக்கோணுமுங்க."

"வண்டியில என்ன இருக்கு? வயசாயிட்டுது. ஸ்டார்ட்டர் தேஞ்சு போச்சுன்னு சொல்லுதாங்க."

அது சீமையில் செய்த வண்டி. பன்னிரண்டு வருடப் பழசு. முன்பிருந்த வெள்ளைக்கார டாக்டர் விட்டுப்போனது. ஷெட்டில் அதன் முன் உட்கார்ந்து, கண்ணில் படுவதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஹெட்லைட் பல்பின் பித்தளைக் கழுத்தில் ஆறு என்று போட்டிருந்தது. அது நான் எதிர்பார்த்ததுதான். மட்கார்டுமேல் இருந்த சிறிய பக்க விளக்கைத் திறந்தேன். யாரும் பல வருடமாகத் தொடாத பல்பு. அழுக்கைத் துடைத்தால் பன்னிரண்டு என்றது.

ஒரே வண்டியில் இரண்டு எண்கள்.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவின் பக்கவாட்டில் ஒரு தகடு, கிரீஸும் சேறும் அப்பிக் கிடந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தேன். அங்கேயும் பன்னிரண்டு. பன்னிரண்டு வோல்ட் டைனமோ ஆறு வோல்ட் பெட்டிக்குள் கரண்டை அழுத்திக்கொண்டே இருந்தால் ஆசிட் கொதிக்காமல் என்ன செய்யும்? பன்னிரண்டு வோல்ட் கேட்கும் ஸ்டார்ட்டருக்குப் பாதி பலத்தைக் கொடுத்தால் முனகாமல் என்ன செய்யும்? வண்டி பேட்டரி தின்னவில்லை. தன் பெட்டியைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது.

ஆனால் ஒரு குழப்பம் பாக்கி இருந்தது. முன் சீட்டுக்கு அடியில் பேட்டரி உட்காரும் தட்டு, மூன்று செல் பெட்டிக்குத்தான் சரியாக இருந்தது. ஆறு செல் பெட்டி அதில் நுழையாது. தட்டைச் சுற்றித் தடவிப் பார்த்தேன். மூலையில் பெருவிரல் தடிமனில் ஒரு வயர், துணி சுற்றித் தார் பூசி, மொட்டையாக நின்றது. அது ஒரு குழாய்க்குள் புகுந்து பின்பக்கம் போனது. குழாயைத் தொட்டுக்கொண்டே போனேன். பின் சீட்டுக்கு அடியில் டாக்டரம்மாவின் மருந்துப் பெட்டி இருந்தது. அதை எடுத்துவிட்டு, கீழே இருந்த பலகையை நெம்பினேன்.

இன்னொரு தட்டு. ஆசிட் அரித்து உப்புப் பூத்த, காலியான தட்டு. முன்னால் இருந்ததற்கு இரட்டைப் பிறவி.

அந்த வண்டிக்கு ஆதியில் இரண்டு பெட்டிகள். ஆறும் ஆறும் சேர்ந்து பன்னிரண்டு. என்றைக்கோ ஒன்று உடைந்திருக்கிறது. மாற்றுப் பெட்டி கிடைக்காமல், அவசரத்துக்கு ஒன்றை மட்டும் வைத்து, ஹெட்லைட் பல்பை மாற்றி யாரோ ஓட்டிவிட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவரும் இருந்த பெட்டியைப் பார்த்து அதே மாதிரி இன்னொன்று போட்டார்கள். கடைசியாகப் போட்டவன் நான்.

டாக்டரம்மா குனிந்து அந்தத் தட்டைப் பார்த்தார். "மூணு வருசமா இதுக்கு மேலதான் மருந்துப் பெட்டிய வச்சு வச்சு எடுக்கேன்" என்றார் மெதுவாக.

அப்போதே சொல்லியிருக்கலாம், அம்மா, போன பெட்டியை அளவெடுத்துக் கொடுத்தவன் நான்தான் என்று. சொல்ல வாய் வரவில்லை.

கீழே கொட்டகைக்குப் போய் இரண்டு பெட்டிகள் தேர்ந்தெடுத்தேன். பிளேட் எண்ணிக்கை ஒன்றாக, இரண்டும் ஒரே சரக்காக இருக்க வேண்டும். ஒரே நாளில் ஆசிட் ஊற்றி ஒன்றாகவே சார்ஜ் ஏற வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்று ஜோடி சேர்த்தால் பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு விழும். ஆறு செல்லிலும் ஹைட்ரோமீட்டர் ஒரே கோட்டில் நிற்கும்வரை சார்ஜிலிருந்து இறக்கவில்லை. சேசிஸில் இறங்கும் வயர் பாசிட்டிவா நெகட்டிவா என்று டைனமோவிலிருந்து பார்த்து முன்பே குறித்துவைத்திருந்தேன். பழைய வண்டிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது.

நாலாம் நாள் காலை ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய் இரண்டையும் பூட்டி, குழாய்க்குள் புது வயர் இழுத்து, பல்புகளைப் பன்னிரண்டாக மாற்றினேன். "நீங்களே மிதிங்கம்மா" என்றேன். டாக்டரம்மா ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட்டரின் கால் பட்டனை மிதித்தார்.

நான் எதிர்பார்த்தது ஒரு கரகரப்பு. ஆனால் அந்த வண்டியில் ஸ்டார்ட்டரும் டைனமோவும் ஒரே மெஷின், செயினில் ஓடுவது; பல்சக்கரங்கள் உரசுவதில்லை. ஒரு சத்தமும் இல்லை. சும்மா கிடந்த எஞ்சின் தானாக எழுந்ததுபோல் ஓடத் தொடங்கியது. கூடையோடு போய்க்கொண்டிருந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். ஹேண்டில் முன்னால் யாரும் இல்லை என்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார்கள். டாக்டரம்மா ஸ்டீரிங்கைத் தொட்டபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். எஞ்சினை நிறுத்தினார். மறுபடி மிதித்தார். மறுபடி எழுந்தது.

3. சப்பாத்து

நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பேக்டரிப் பக்கமிருந்து கூச்சல் கேட்டது. நாலு பேர் ஒரு கம்பளியில் ஒருவரைச் சுமந்துகொண்டு ஓடி வந்தார்கள். மாடசாமி என்பவர், தேயிலை கசக்கும் ரோலர் அறையில் வேலை. இலையைத் தள்ளும்போது வலது கை ரோலருக்குள் போய்விட்டது.

டாக்டரம்மா கம்பவுண்டரைக் கொண்டு முழங்கைக்கு மேல் பட்டை போட்டு இறுக்கச் செய்து, காயத்தைப் பார்த்தார். பிறகு தூளியில் கிடந்த தன் கையைப் பார்த்தார்.

"இந்தக் கை ஒழுங்கா இருந்தா இங்கயே முடிச்சிருவேன், மேஸ்திரி. ஒத்தக் கையால முடியாது. கம்பெனி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவணும். லாரியெல்லாம் கீழ போயாச்சு. நீங்க ஓட்டுவீங்களா?"

"ஓட்டறனுங்க" என்றேன்.

மாடசாமியைப் பின் சீட்டில் படுக்கவைத்து, அவர் தலைமாட்டில் டாக்டரம்மா உட்கார்ந்துகொண்டார். ஒன்பது மைல். ஐந்தாவது மைலில் ஆறு குறுக்கே வரும். பாலம் கிடையாது. ஆற்றுப்படுகையோடு படுகையாகக் கல் பாவிய தளம், அதைச் சப்பாத்து என்பார்கள். வெயில் காலத்தில் கணுக்கால் தண்ணீர். அன்று மேலே மழை பெய்து, காப்பித்தண்ணி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குச்சியால் ஆழம் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே இருந்தது. போகலாம் என்று இறக்கிவிட்டேன்.

பாதியைத் தாண்டியதும் ரேடியேட்டர் விசிறி தண்ணீரை வாரி எஞ்சின்மேல் அடித்தது. இரண்டு இருமல். எஞ்சின் நின்றுவிட்டது.

எங்கும் ஆற்றின் இரைச்சல். தண்ணீர் ஃபுட்போர்டைத் தொட்டு ஏறிக்கொண்டிருந்தது. மேக்னெட்டோ நனைந்துவிட்டது, இனி பொறி வராது. ஹேண்டில் போட இறங்கினாலும் பயனில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தேன். டாக்டரம்மா இடது கையால் மாடசாமியின் கழுத்தில் நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி ஏறுது" என்றார்.

அப்போது பொள்ளாச்சியில் பார்த்த ஒன்று நினைவுக்கு வந்தது. கடை வாசலில் ஒருவர் வண்டியைக் கியரில் போட்டதை மறந்து ஸ்டார்ட்டரை மிதித்துவிட்டார். எஞ்சின் பிடிக்கவேயில்லை, ஆனாலும் வண்டி தாவிப் போய் எதிர்ச் சுவரில் முட்டியது. அன்று எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தோம்.

முதல் கியரைப் போட்டேன். கிளச்சை விட்டேன். கால் பட்டனை மிதித்தேன்.

வண்டி நகர்ந்தது.

எஞ்சின் ஓடவில்லை. புகை இல்லை, அதிர்வு இல்லை. ஒரு டன் இரும்பும் மூன்று உயிர்களுமாக ஆற்றுக்குள், யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் மெல்ல மெல்ல முன்னால் போய்க்கொண்டிருந்தோம். இழுப்பவை இரண்டு பெட்டிகள். ஒன்று எனக்குக் கீழே, ஒன்று மாடசாமிக்குக் கீழே. பத்து எண்ணும்வரை மிதித்தேன். வயர் சூடாகிவிடும் என்று காலை எடுத்தேன். ஐந்து எண்ணினேன். மறுபடி மிதித்தேன். ஒவ்வொரு முறையும் இதோடு தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் இருந்தது.

மாடசாமி கண் திறந்தார். தலைக்கு மேல் மரக்கிளைகள் பின்னால் போவதைப் பார்த்திருக்க வேண்டும்.

"டாக்டரம்மா, வண்டி சத்தமில்லாம போவுதே. நான் செத்துட்டனா?"

"இல்ல மாடசாமி. நீ இருக்க. பேசிக்கிட்டே இரு."

"செத்தவனத்தான் இப்படிக் கூட்டிட்டுப் போவாங்கன்னு நெனச்சேன்."

முன் சக்கரம் அக்கரைக் கல்லில் ஏறியபோது வேகம் குறைந்தது. ஒரு முழம் போனது. அடுத்த மிதிக்கு ஒரு சாண். பின் சக்கரமும் தண்ணீரை விட்டு ஏறியதும் நின்றுவிட்டது. மறுபடி மிதித்தேன். ஒன்றும் இல்லை. இரண்டு பெட்டிகளும் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டன.

டாக்டரம்மா பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்து நீட்டினார். மேக்னெட்டோவின் மூடியைக் கழற்றித் துடைத்தேன். பிறகு ஹேண்டிலை எடுத்தேன். உதைத்தாலும் கை நழுவித் தப்பும்படி, கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொண்டு, கீழிருந்து மேலாக இழுத்தேன். நாலாவது இழுப்பில் பிடித்தது.

4. அதன் பிறகு

பெரிய ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் இரண்டு மணி நேரம் வேலை செய்தார். டாக்டரம்மா பக்கத்திலேயே நின்றார். இரண்டு விரல்கள் போயின. கை தப்பியது.

ஆறு வடிந்த பிறகு திரும்பி வரும்போது டாக்டரம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சப்பாத்தைத் தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்திச் சொல்லிவிட்டேன்.

"அம்மா, நாலு மாசத்துக்கு முன்னால அந்த ஒத்தப் பெட்டியக் குடுத்தது நானுங்க. கொதிச்சுச் செத்த பேட்டரின்னு பாத்தவொடனே தெரிஞ்சுது. ஏன்னு கேக்கலீங்க. கேட்டிருந்தா உங்க கை ஒடைஞ்சிருக்காதுங்க. மாடசாமிய அவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கவும் வேண்டாமுங்க."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை.

"இதே மாதிரி ஒண்ணு வேணும்னு சீட்டு எழுதுனது நான்" என்றார். "தினமும் காலைல காலி பாட்டிலக் கொண்டாந்து, இதே மருந்து குடுங்கன்னு தோட்டத்து லைன் வீடுகள்ல இருந்து ஆளு வருவாங்க. ஒரு நாளும் குடுத்ததில்ல. ஆளக் கூட்டிட்டு வான்னுதான் சொல்லுவேன். என் வண்டிக்கு மட்டும் காலி பாட்டில அனுப்பிருக்கேன், பாருங்க." பிறகு, "வண்டிய எடுங்க" என்றார்.

அன்றிலிருந்து, செத்த பேட்டரியை மட்டும் கொண்டுவருகிறவர்களுக்கு நான் புதியது கொடுத்ததில்லை. வண்டியைக் கொண்டு வாங்க, இல்லாவிட்டால் நான் வருகிறேன் என்பேன். முதலாளி முதலில் முறுமுறுத்தார். "ஏவாரத்தக் கெடுக்கறியேடா" என்றார். அடுத்த மழைக்குள் நாலு வண்டிகளில் தப்பான பெட்டிகளைக் கண்டுபிடித்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை. பழைய வண்டிக்குப் பேட்டரி தேர்ந்தெடுக்க வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். உள்ளே இருக்கும் பெட்டி, முன்பு வந்தவன் என்ன செய்தான் என்பதை மட்டுமே சொல்லும். அவன் தப்புச் செய்திருந்தால் தப்பையும் அளவு பிசகாமல் சொல்லும். வண்டிக்கு என்ன வேண்டும் என்பதை டைனமோவும், யாரும் தொடாத பல்பும், தட்டும், வயரும்தான் சொல்லும்.

மாடசாமி ஐந்தாறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்கு வந்தார். கையில் மூன்று விரல்கள். இப்போது எடை போடும் இடத்தில் வேலை கொடுத்திருக்கிறார்கள் என்றார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு என்னைய இழுத்தது எது? அதப் பாக்கணும்னு வந்தேன்."

மேஜையில் இருந்த ஒரு பெட்டியின் மூடிகளைத் திறந்து காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். சாம்பல் நிறப் பிளேட்டுகள், மேலே தெளிந்த தண்ணீர்.

"இவ்வளவுதானா?"

"ஈயம், ஆசிட்டு, தண்ணி. அவ்வளவுதானுங்க."

"ஒண்ணுமே அசையலியே அண்ணாச்சி."

அசையாதுங்க என்றேன். எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல ஆரம்பித்தேன். பொள்ளாச்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் வாயில் வந்தது, ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது பதிலாக இல்லை என்று எனக்கே தெரிந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

அவர் மூன்று விரல்களையும் பெட்டியின் விளிம்பில் ஊன்றி, காதை அதன் பக்கத்தில் வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு எனக்கு இடம்விட்டு விலகி நின்றார். அதுவரை நான் எத்தனையோ பெட்டிகளைத் தூக்கியிருக்கிறேன், உடைத்திருக்கிறேன், சேர்த்திருக்கிறேன். ஒன்றில்கூடக் காது வைத்ததில்லை. நானும் குனிந்தேன்.

"கேக்குதா அண்ணாச்சி?"

"இல்லீங்க" என்றேன். ஆனால் காதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.